குசினிக்குள் காஸ் சிலிண்டர்: வன்னி வீடுகளுக்கான முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

2021 டிசம்பரில் ஒரு பின்னேரம் விசுவமடுவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறும்போதே அழுகின கோவா மாதிரி ஒரு மணம். அம்மா சாமியறையில் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெருப்புப்பெட்டி. "எலி ஏதும் செத்துக் கிடக்குது போல, காலமையில இருந்து தேடுறன் தம்பி" என்றார். அன்று காலையில்தான் புது சிலிண்டர் மாட்டியிருந்தார்கள். நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு அம்மாவை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். பிறகு பார்த்தால் சிலிண்டர் வாயில் இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. நாள் முழுக்க காஸ் மெதுவாகக் கசிந்து, குசினி நிலத்தில் பரவி, நடை வழியாகச் சாமியறை வரைக்கும் வந்திருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் குசினியின் நிலத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். நம் பக்கத்துக் குசினிகள் விறகுப் புகை மேலே போகவேண்டும் என்று கட்டப்பட்டவை. காஸ் மேலே போவதில்லை, கீழே இறங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் கீழே சொல்லும் எல்லாம் தானாக விளங்கும்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது

நாம் வாங்கும் சமையல் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்டிருக்கும். வெளியே வந்ததும் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிவிடும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசியும் காஸ் தண்ணீர் ஊற்றியது போல நிலத்தில் பரவி, மூலைகளிலும் பலகை அலுமாரிக்குக் கீழேயும் நெல் மூட்டைகளின் இடுக்கிலும் தேங்கி நிற்கும். காற்று அசையாவிட்டால் மணிக்கணக்காக அங்கேயே கிடக்கும்.

காற்றில் 100 பங்குக்கு 2 பங்கு காஸ் கலந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். 9 அல்லது 10 பங்குக்கு மேலே போனால் காற்றுப் போதாமல் எரியாது, ஆனால் கதவைத் திறந்ததும் அது மறுபடி வெடிக்கும் அளவுக்கு இறங்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள ஒரு குசினி முழுவதும் வெடிக்கும் நிலைக்கு வர, ஒரு கிலோவுக்கும் குறைந்த காஸ் போதும். சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. காஸ் சமமாகக் கலக்காமல் நிலத்தோடு படிந்து நிற்பதால், நிலத்திலிருந்து முழங்கால் உயரம் மட்டும் ஆபத்தான நிலைக்கு வர அதிலும் மிகக் குறைவாகவே தேவை.

இன்னொன்று, அழுத்தம். முப்பது பாகை வெயிலில் பியூட்டேன் மட்டும் அடைத்த சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது போலத்தான். புரொப்பேன் மட்டும் என்றால் அதைப்போல் ஐந்து மடங்கு. கலவையில் புரொப்பேன் கூடக்கூட ரெகுலேட்டருக்கும் ஹோஸுக்கும் வால்வுக்கும் சுமை கூடுகிறது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்தபோது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் அப்போதைய ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. அதுவரை வழக்கத்தில் இருந்தது 20 பங்கு புரொப்பேனுக்கு 80 பங்கு பியூட்டேன். பழைய ஹோஸும் தேய்ந்த ரப்பரும் அதுவரை தாக்குப்பிடித்திருக்கலாம். அழுத்தம் ஏறியதும் ஒளிந்திருந்த பழுதுகள் வெளியே வந்தன. கலவை நம் கையில் இல்லை. ரப்பரும் ஹோஸும் நம் கையில் இருக்கின்றன.

காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகத்தான் மெர்கப்டன் என்ற நாற்றமருந்தைச் சேர்க்கிறார்கள். வயதானவர்களுக்கும், தடிமன் பிடித்தவர்களுக்கும், கொரோனாவுக்குப் பிறகு மணம் குறைந்தவர்களுக்கும் அது தெரியாமல் போகலாம். நாள் முழுக்க மணந்துகொண்டே இருந்தால் மூக்கும் பழகிவிடும். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

முதற்படி: இடம்

வன்னியில் நிறைய வீடுகளில் விறகடுப்பும் காஸ் அடுப்பும் ஒரே குசினியில் இருக்கின்றன. சோறும் ஒடியல் கூழும் விறகில், தேத்தண்ணீர் காஸில். வசதிதான், ஆனால் இதுதான் எனக்கு மிகவும் பயமான ஏற்பாடு. விறகடுப்புச் சாம்பலுக்குள் தணல் இரவு முழுக்கக் கிடக்கும். நிலத்தோடு வரும் காஸ் நேரே அந்தத் தணலுக்குத்தான் போகும். பழைய கொட்டில் குசினியை விறகுக்கு விடுங்கள். காஸை வீட்டுக்குள் இருக்கும் சீமெந்துக் குசினியில் வையுங்கள். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். கிடுகுக் கொட்டிலில் காஸ் அடுப்பு வைக்கவே கூடாது.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் குசினிக்கு ஒரு யன்னல், மேலே பூக்கல். பூக்கல் புகைக்கு நல்லது, காஸுக்கு உதவாது. கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் காஸ் கொஞ்சம் வெளியேறும். ஆனால் பாம்பு வரும் என்று நாம் அந்த இடைவெளியைச் சாக்கு வைத்து அடைக்கிறோம். புடையனும் விரியனும் உள்ள காணியில் அடைக்காதே என்று நான் எப்படிச் சொல்வது? அதற்கு வழி இருக்கிறது. வெளிச்சுவரில், நிலத்தோடு ஒட்டி, ஒரு சீமெந்துக் கல்லளவு துவாரம் வெட்டி, கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையைச் சட்டம் வைத்து இறுக்கிவிடுங்கள். பாம்பும் எலியும் வராது, காஸ் போகும். முடிந்தால் எதிர்ச் சுவரிலும் ஒன்று. நுளம்பு வலை வேண்டாம், அது எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் பிடித்து அடைபட்டுவிடும். வெளியே மண் குசினி நிலத்தைவிட உயரமாக இருந்தால் முதலில் மண்ணை வெட்டி இறக்குங்கள். மேசன் ஒருவருக்கு அரை நாள் வேலை. இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, சமமான நிலத்தில், அடுப்பைவிடத் தாழ்வான இடத்தில் நிற்கவேண்டும். அடுப்பு மேசையில், சிலிண்டர் நிலத்தில், இடையே மூன்றடியாவது. அலுமாரிக்குள் பூட்டிவைக்க வேண்டாம். வெயில் நேராக விழும் இடமும், ஓகஸ்ட், செப்டம்பர் வெயிலில் கொதிக்கும் தகரச் சுவரின் ஓரமும் கூடாது. வெளியே வைப்பதானால் நிழலில், கிணற்றிலிருந்தும் வடிகாலிலிருந்தும் பத்தடிக்கு மேல் தள்ளி வையுங்கள். காஸ் கிணற்றுக்குள் இறங்கினால் மோட்டர் போடும் ஒரு பொறி போதும். ரப்பர் ஹோஸைச் சுவருக்குள்ளால் இழுக்கக் கூடாது. வெளியே வைக்க விரும்பினால் உலோகக் குழாயைத் தெரிந்த ஆளைக்கொண்டு பொருத்துங்கள்.

மாரி வெள்ளம் வரும் இடங்களில், தண்ணீர் ஏறுமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரத்தில் கட்டிவையுங்கள். பாதி காலியான சிலிண்டர் மிதக்கும், ஹோஸை இழுத்துப் பிய்த்துவிடும்.

இரண்டாம் படி: கடையில்

சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். மூடியைத் திறந்து வாய்க்குள் சவர்க்காரத் தண்ணீர் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேறு சிலிண்டர் கேளுங்கள். கடைக்காரருக்கு வில்லங்கம் என்று கூச்சப்பட வேண்டாம். வாய்க்குள் கறுப்பு ரப்பர் வளையம் முழுதாக இருக்கவேண்டும். அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்தாலோ, உடம்பில் பள்ளம் இருந்தாலோ வாங்காதீர்கள்.

பரந்தனில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ மோட்டார் சைக்கிளில் குறுக்கே படுக்கப் போட்டுக்கொண்டு வருவதை நாளும் பார்க்கிறோம். படுத்த சிலிண்டரில் திரவம் வால்வோடு வந்து நிற்கும். வால்வு சற்றுக் கசிந்தால் வருவது வாயு அல்ல, திரவம். ஓட்டோவில் நிமிர்த்தி வைத்து, கயிற்றால் கட்டி, பக்கத் துணியைச் சுருட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு வீட்டிலோ கடைப் பின்புறத்திலோ மாற்றி நிரப்பித் தருவார்கள். அதை வாங்கவே வேண்டாம். விரிவதற்கு இடம் விடாமல் நிரம்பிய சிலிண்டர் வெயில் பட்டதும் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

மூன்றாம் படி: பொருத்துவதும் சோதிப்பதும்

பகலில், கதவு யன்னலைத் திறந்துவைத்துப் பொருத்துங்கள். விறகடுப்பும், விளக்கும், நுளம்புத்திரியும், ஊதுபத்தியும் அணைந்திருக்கவேண்டும். ரெகுலேட்டரை அணைத்த நிலையில் வாய்மீது நேராக அழுத்தி மாட்டுங்கள். மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், கழன்று வரக் கூடாது.

இப்போது சோதனை. கோப்பையில் கொஞ்சம் தண்ணீர், சவர்க்காரம், நல்ல நுரை. அடுப்பின் திருகிகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். ரெகுலேட்டர் வாயில் இருக்கும் இடம், ஹோஸின் இரண்டு முனைகள், ஹோஸ் முழு நீளம், அடுப்பின் அடியில் குழாய் சேரும் இடம், எல்லாவற்றிலும் நுரையைத் தடவுங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன், கையைப் பிடித்துத் தடுத்துமிருக்கிறேன். குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரை முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். துணி சுற்றியோ சவர்க்காரம் அப்பியோ ஓட்டையை அடைத்துப் பாவிக்காதீர்கள்.

ஹோஸ் நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம். தோட்டத்துக்கு வாங்கிய தண்ணீர்க் குழாயைக் காஸுக்குப் போட்ட வீடுகள் உண்டு. காஸ் பிளாஸ்டிக்கை மெல்ல விறைக்கவைத்து வெடிப்பு விழச்செய்யும். காஸுக்கென்று அச்சிட்ட ஹோஸ், இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிது. நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலி இருக்கும், எலி இருந்தால் ஹோஸைக் கடிக்கும். அதனால் மாதமொருமுறை விரலால் தடவி வளைத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை. உணவகங்களில் பாவிக்கும் உயரழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டாதீர்கள்.

கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அகலமான சட்டி வைத்து நெடுநேரம் சமைத்தால் சூடு கண்ணாடிக்குத் திரும்பும். 2021இல் நொறுங்கியவற்றில் இந்த வகை அடுப்புகள் நிறைய. வாங்கப்போகிறீர்கள் என்றால் இரும்பு மேற்பரப்பையே வாங்குங்கள்.

நான்காம் படி: நாளாந்தப் பழக்கம்

சமைத்து முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். ஹோஸில் மிஞ்சியது எரிந்து முடிந்ததும் அடுப்புத் திருகியை மூடுங்கள். படுக்கப் போகும்போதும், வயலுக்கோ கோயிலுக்கோ போகும்போதும் ரெகுலேட்டர் மூடியிருக்கவேண்டும். காலையில் குசினிக் கதவைத் திறந்து, லைட் போடுமுன் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். நெருப்பை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு திருகியைத் திறங்கள். பற்றவில்லை என்றால் மூடி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

காஸ் முடியும் தறுவாயில் செய்யும் வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 2,750 ஆனது, 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அதுவும் வரிசையில் நின்றால்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் எரிக்க ஆசைப்பட்டதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய இரண்டு பழக்கங்கள் இன்னும் ஒழியவில்லை: சிலிண்டரைச் சரித்து வைப்பது, சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்துவது. சரித்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஓடி, அடுப்பில் ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பும். சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். சுவாலை தளர்ந்துவிட்டதா, அந்தச் சிலிண்டர் முடிந்துவிட்டது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் காயும்.

ஐந்தாம் படி: மணம் வந்துவிட்டால்

இந்த இடத்தில்தான் உயிர் போகிறது. பெரும்பாலும் நாம் பழக்கத்தில் செய்யும் ஒரு அசைவால்.

இருட்டாக இருந்தாலும் லைட் போடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் லைட்டை அணைக்கவும் வேண்டாம், பொறி இரண்டிலும் வரும். மின்விசிறியைப் போட்டுக் காஸைக் கலைக்கலாம் என்று தோன்றும், போடாதீர்கள். பிரிட்ஜ் தானாக இயங்கும்போதும் ரைஸ் குக்கர் தட்டும்போதும் பொறி வரலாம், ஆனாலும் பிளக்கை இழுக்காதீர்கள். மெயின் சுவிச் வீட்டுக்கு வெளியே, காஸ் போகாத தூரத்தில் இருந்தால் மட்டும் இறக்குங்கள். டோர்ச்சையும் போனையும் முற்றத்துக்குப் போன பிறகு தட்டுங்கள்.

முதலில் ஆட்களை எழுப்பிப் பெயர் சொல்லி வெளியே அனுப்புங்கள். நிலத்தில் பாயில் படுக்கும் பிள்ளைகளும் முதியவர்களும் காஸ் தேங்கும் உயரத்திலேயே படுத்திருக்கிறார்கள், அவர்கள்தான் முதல். போகிற வழியில் கதவுகளை அகலத் திறந்துவிடுங்கள். சாமி விளக்கு எரிந்தால், அந்த அறைக்குக் காஸ் மணம் இன்னும் வரவில்லை என்றால் மட்டும் அணையுங்கள். மணம் இலேசாக இருந்து, ரெகுலேட்டர் எட்டும் தூரத்தில் இருந்தால் மூடிவிட்டு வாருங்கள். சீறல் சத்தம் கேட்டாலோ கண் எரியும் அளவுக்கு மணம் இருந்தாலோ சிலிண்டரைத் தொடப் போகவேண்டாம். காற்று வரும் திசையில், மேடான பக்கமாக நின்று அயலவர்களையும் எழுப்புங்கள். பொலிஸ் 119. லிற்றோ சிலிண்டர் என்றால் நிறுவனத்தின் அவசர இலக்கம் 1311. நுகர்வோர் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்ய 1977.

உள்ளே திரும்பப் போக அரை மணி நேரமாவது விடுங்கள். ஈக்கில் விளக்குமாற்றால் நிலத்தோடு காற்றை வாசலுக்குத் தள்ளலாம். மூலைகளில் குனிந்து மணந்து பார்த்த பிறகே லைட்.

நெருப்பே பிடித்துவிட்டால்

ஹோஸிலோ சிலிண்டர் வாயிலோ நெருப்பு எரிந்தால், கை எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். நெருப்பு தானாக அணையும். ஊறவைத்த சணல் சாக்கு ஒன்றை உங்கள் பக்கமிருந்து முன்னே தள்ளிப் போர்த்தி அடக்கலாம், காஸை உடனே மூட முடியும் என்றால் மட்டும். காஸை மூட வழியில்லை என்றால் சுவாலையை அணைக்காதீர்கள். எரியும் காஸ் கண்ணுக்குத் தெரியும். அணைந்த பிறகு வரும் காஸ் தெரியாமல் தேங்கி, பிறகு மொத்தமாகப் பற்றும். சிலிண்டர் உடம்பே நெருப்புக்குள் சூடேறிக்கொண்டிருந்தால் விட்டு ஓடுங்கள்.

கிளிநொச்சிப் பொதுச்சந்தை 2016இல் எரிந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். உள்ளூர்களுக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேர எடுக்கும் நேரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். குசினி வாசலுக்கு வெளியே ஒரு வாளி தண்ணீரும் ஒரு சணல் சாக்கும் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் அந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது, காஸை மூடிச் சட்டியை மூடியால் மூடுங்கள்.

உடுப்பில் பிடித்தால் ஓடாமல் நிலத்தில் உருளச் சொல்லுங்கள். எரிந்த இடத்தில் இருபது நிமிடம் சாதாரண கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ், பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை, எதுவும் வேண்டாம். காப்பு, மோதிரம், அரைஞாண் வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள். முகம் கருகியோ, மூக்கு மயிர் கருகியோ, குரல் கம்மியோ இருந்தால் மூச்சுக்குழாயும் எரிந்திருக்கலாம். அப்படியானவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தாமதிக்காமல், கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, கிளிநொச்சியோ முல்லைத்தீவு மாஞ்சோலையோ வவுனியாவோ மன்னாரோ, உட்கார்ந்த நிலையில் கொண்டுபோங்கள்.